செடிக்கு வைத்திருந்த தண்ணீர்

சுத்தமான தண்ணீர் என்றால் எது என்று கேட்டால் எனக்கு இன்றுவரை பதில் சொல்லத் தெரியாது. ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் நாலு வகைத் தண்ணீர் இருந்தது. நாலுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனி இடம், தனித்தனி மரியாதை. அவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தவள்தான், ஒரு நோன்பு நாளில், எதை யாருக்குக் கொடுத்தோம் என்று தெரியாமல் நடுவீட்டில் நின்றேன்.

ஐம்பதுகளின் பின்பாதி அது. நான் நத்தத்துப் பெண். என்னைப் பெற்ற அத்தாவின் மாந்தோப்புக் கிணற்றில் தண்ணீர் இனிக்கும். கல்யாணமாகித் திண்டுக்கல்லில் நாகல் நகர்ப் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்த முதல் நாள், கொல்லைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்தபோது யாரோ விளையாட்டுக்கு உப்பைக் கரைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கோபப்பட்டேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஊரே இம்புட்டு உப்புத்தான் புள்ள. இது குளிக்க, துவைக்க. குடிக்கிறதுக்குத் தெருக் குழாயில நல்ல தண்ணி வரும்."

வரும் என்று சொன்னாரே தவிர எப்போது வரும் என்று சொல்லவில்லை. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, பெண்கள் சமையலைப் பாதியில் விட்டு வந்து வந்து எட்டிப் பார்ப்பார்கள். அப்படிப் பிடித்த நல்ல தண்ணீரில் ஒரு தம்ளரைச் செடிக்கு ஊற்றினால், பார்க்கிறவர்கள் நம்மைப் பைத்தியம் என்பார்கள். அதில் தப்பும் இல்லை.

ஆனால் எனக்குச் செடி இருந்தது. கோடைக்கானல் பஸ் ஓட்டுகிற ஒருவர் என் வீட்டுக்காரரிடம் ஒரு பிஸ்கட் டின்னில் கொடுத்தனுப்பிய செடி. பூக்காது, காய்க்காது. சீப்புப் பல் போலக் கிழிந்த பச்சை இலைகள் மட்டும். பெயர் எங்களுக்குத் தெரியாது, மலைச்செடி என்போம். அதோடு இரண்டு குரோட்டன்ஸ். மூன்றையும் வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்திருந்தேன். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் மலைச்செடியின் இலை ஓரமெல்லாம் கருகியது, தொட்டியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. கல்யாணமாகி மூன்று வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. வருகிறவர்கள் செடியைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், "பொழுது போகணும்ல" என்பார்கள். அதைக் கேட்டுக்கேட்டே அந்தச் செடியைச் சாகவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது.

அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைக் கடையிலேயே காய்ச்சி வடிப்பார்கள். ஒரு பீப்பாயில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியைச் செப்புக் குழாய் வழியாகக் குளிர்ந்த தொட்டிக்குள் விட்டால் சொட்டுச் சொட்டாக வடியும். ஒவ்வொரு தடவையும் முதலில் வடிகிற தண்ணீரில் குழாயின் அழுக்கு இருக்கலாம் என்று அதை மட்டும் கீழே கொட்டிவிடுவார்கள். "கொட்டுறதை உன் செடிக்குக் கொண்டுட்டு வாரேன்" என்றார் ஒரு நாள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்குக் கொண்டுவந்ததிலேயே உருப்படியான பொருள் அதுதான் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி, மாடிப்படிக்குக் கீழே இருட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் வைப்பேன். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். பாட்டிலைச் சாம்பல் போட்டுக் கழுவக் கூடாது, அதே தண்ணீரில் மூன்று தடவை அலசித்தான் ஊற்ற வேண்டும். கார்க்கை அழுத்தி மூடி அதன்மேல் துணி கட்டுவேன். நாங்கள் குடிக்கிற குடத்துக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை. ஆரம்பத்தில் செடி நன்றாகவே வந்தது. பிறகு நாலு மாதத்தில் ஒவ்வொரு இலையாக மஞ்சள் பூக்க ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உப்பும் இல்ல, அழுக்கும் இல்ல, பிறகெதுக்கு மஞ்சளாவுது?" என்று கேட்டேன்.

"அதுல ஒண்ணுமே இல்லங்கிறதுதான் சங்கதி. சுத்தம்னா சுத்தம். வெறும் தண்ணி."

"ஒண்ணுமே இல்லைன்னா அது எதைக் குடிக்குது?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு கடைக்குப் போய்விட்டார்.

நாலாவது தண்ணீர், ஓதின தண்ணீர். எங்கள் ஜனங்களுக்கு மட்டும் உரியது என்று அதைச் சொல்ல முடியாது. சாயங்காலத் தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வருகிற நேரம், பள்ளிவாசல் வாசலில் எல்லாச் சாதிப் பெண்களும் பிள்ளையை இடுப்பிலும் தண்ணீரைக் கையிலும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். தொழுதவர்கள் ஒவ்வொருவராக ஓதி அந்தத் தண்ணீரில் ஊதிவிட்டுப் போவார்கள். காய்ச்சல், பயந்த கோளாறு, பால் குடிக்க மறுப்பது, எல்லாவற்றுக்கும் அதைக் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் கணக்கில் ஒன்றுமே இல்லாதது சுத்தம். இங்கேயோ மனிதர்களின் மூச்சு ஒவ்வொன்றாகச் சேரச்சேரச் சுத்தம். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு, இரண்டையும் நம்பிக்கொண்டு இருந்தேன்.

பக்கத்து வீட்டில் என்னைவிட இரண்டு வயது இளையவள் ஒருத்தி இருந்தாள். அவள் புருஷனுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. அந்தப் பிள்ளை பாதி நாள் என் இடுப்பில்தான் இருக்கும். ஒரு தடவைகூட "எங்கே பிள்ளையைக் காணோம்" என்று பதறி ஓடிவந்தவள் இல்லை அவள். பிள்ளை இல்லாதவள் கையில் பிள்ளையைக் கொடுக்காதே என்று அவளுக்குச் சொல்லவும் ஆள் இருந்தார்கள். அது என் காதுக்கும் வந்தது. அவள் அதைக் கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு நோன்பு கிடையாது, ஆனாலும் நான் நோன்பு இருக்கிற மாதம் முழுவதும் என் கண் முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். நானே குடி குடி என்றாலும், "போக்கா, எனக்குத் தொண்டையில இறங்காது" என்பாள்.

அந்த வருடம் நோன்பு பங்குனி வெயிலில் வந்தது. பத்து நோன்பு போயிருக்கும். பிள்ளைக்கு உடம்பு சூடாகி, ராவும் பகலும் அழுதது. அவளால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் போய் நிற்க முடியவில்லை.

"அக்கா, அண்ணன்ட்டச் சொல்லி ஓதின தண்ணி வாங்கியாரச் சொல்லுக்கா."

அவரிடம் சொன்னேன். "நான் கடையிலருந்து நேரா நோன்பு திறக்கப் பள்ளிக்குத்தான் போறேன். அங்கனயே ஒரு பாட்டில்ல தண்ணி பிடிச்சு ஓதி வாங்கியாறேன்" என்றார்.

சாயங்காலம் அவர் வந்தபோது கையில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. இரண்டும் ஒரே பச்சைக் கண்ணாடி, ஒரே உயரம். ஒன்று ஓதியது, ஒன்று செடிக்கு. எது எது என்று அவர் சொன்னார். சொல்லவில்லை என்று அவர் மேல் பழி போட மாட்டேன். நான் அடுப்பில் இருந்தேன், கை வேலையாக இருந்தது, திரும்பிப் பார்க்காமலேயே "சரி சரி, வச்சுட்டுப் போங்க" என்றேன். அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்த தூக்கம் இன்னும் கலையாத கண்ணோடு, இடது பக்கம் இருந்ததை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். வலது பக்கம் இருந்ததைச் செடிகளுக்கு ஊற்றிக் காலி பண்ணினேன். எந்தச் சந்தேகமும் அப்போது வரவில்லை.

மத்தியானம் அவர் சைக்கிளை வாசலில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"நேத்துக் கொண்டாந்த பாட்டில் எங்க?"

"ஏன்?"

"கடையில ஆசிட் அளந்து ஊத்துற பாட்டில் ஒண்ணைக் காணோம். அதுவும் இதே பச்சைதான். நேத்து அலமாரியைக் கழுவுறப்ப கடைப் பசங்க எல்லாத்தையும் ஒண்ணா வச்சுட்டானுக. நான் நோன்பு திறக்கிற அவசரத்துல ரெண்டை எடுத்துட்டு வந்துட்டேன். அலசுனதா அலசாததான்னு தெரியல. செடிக்கு ஊத்திப்புடாத, செத்துப்போகும்."

செடி செத்துப்போகும் என்றுதான் அவர் ஓடிவந்திருக்கிறார். இரண்டில் எது அந்த பாட்டில் என்று அவருக்கும் தெரியாது. ஓதி வாங்கியதே அதில்தானோ என்னவோ. ஒன்று செடிக்குள் போய்விட்டது. இன்னொன்று பிள்ளைக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். நான் உடனே பக்கத்து வீட்டுக்கு ஓடவில்லை. ஜன்னலுக்கு ஓடினேன். செடி வாடியிருந்தால் ஆசிட் செடிக்குப் போயிருக்கிறது, பிள்ளை தப்பித்தது என்று என் புத்தி போயிற்று. செடி சாக வேண்டும் என்று அல்லாவிடம் கேட்டபடி அதைப் பார்த்தேன். இலை மஞ்சளாக இருந்தது. நேற்றும் மஞ்சள்தான். முந்தாநாளும் மஞ்சள்தான். இது பழைய மஞ்சளா புது மஞ்சளா? இத்தனை மாதமாக ஒரு நாள்கூட விடாமல் பார்த்த செடி, அன்றைக்கு எனக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. நாலு மூச்சு நேரம் அங்கே நின்றிருப்பேன். பிறகுதான் கால் நகர்ந்தது.

பக்கத்து வீட்டில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் பிள்ளையைப் படுக்கவைத்து, சங்கில் அந்தத் தண்ணீரைப் புகட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தம்ளரில் மிச்சம். பிள்ளை அழுதுகொண்டே விழுங்கியது. கடைவாயில் கொஞ்சம் வழிந்தது.

சங்கைத் தட்டிவிட்டு, தம்ளரை எடுத்து, ஒரு வாய் குடித்தேன்.

புளித்தது. புளித்த மாதிரி இருந்தது. ஆனால் விடியற்காலையிலிருந்து தண்ணீர் படாத வாய் அது, நோன்பு நாளில் மத்தியானத்துக்கு மேல் எப்போதும் அப்படித்தான் புளித்துக் கிடக்கும். புளிப்பு தண்ணீரில் இருக்கிறதா என் நாக்கில் இருக்கிறதா? இன்னொரு வாய் குடித்தேன். இப்போது இனித்தது. அந்த வெயிலில், அந்தத் தாகத்தில், எதைக் குடித்தாலும் இனிக்கத்தான் செய்யும். மூன்றாவது வாயில் தம்ளர் காலியாகிவிட்டது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"அக்கா! உனக்கு நோன்புல்ல!" என்று கத்தினாள் அவள்.

கத்திய வேகத்திலேயே அவள் முகம் மாறியது. தட்டிவிட்ட சங்கைப் பார்த்தாள், என் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பிள்ளையை வாரி எடுத்து மார்போடு அழுத்திக்கொண்டாள்.

"என்னக்கா குடுத்த என் புள்ளைக்கு?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. பயம்தான் இருந்தது, அதுவும் என்னைப் பார்த்து. ஊர் அவளுக்குச் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியிருக்கும் என்று நினைத்தேன். எனக்கே ஓடியது. ஒருவேளை உள்ளுக்குள் எனக்குப் பொறாமை இருந்து, அதுதான் கையை இடது பக்கத்து பாட்டிலுக்குக் கொண்டுபோனதோ என்றுகூட என்னை நானே சந்தேகப்பட்டேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, மூலையிலிருந்த பாட்டிலை எடுத்து, அடியில் மிச்சமிருந்ததைச் சிமிண்டுத் தரையில் கொட்டினார். குனிந்து, காதைத் தரையோரம் வைத்துப் பார்த்தார். ஆசிட் கலந்திருந்தால் சிமிண்டில் பட்டதும் நுரைக்குமாம், சத்தம் வருமாம். நுரைக்கவில்லை. சத்தமும் இல்லை. ஈரம் மட்டும் பரவியது.

"ஒண்ணுமில்லம்மா. வெறும் தண்ணி. பயப்படாத."

தரையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருந்தால் முடிந்திருக்க வேண்டிய காரியம். நான் ஒரு தம்ளரைக் குடித்துவிட்டு நிற்கிறேன்.

இருந்தாலும் மூன்று பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜட்கா பிடித்து டாக்டரிடம் போனோம். வழி முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தார். புண்ணும் இல்லை, சிவப்பும் இல்லை. கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு பல் முளைத்துக்கொண்டிருந்தது. அழுகையெல்லாம் அதற்குத்தான் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தம்மாவுக்கு என்ன, இம்புட்டு நடுங்குது?" என்று கேட்டார். நான் நடுங்கிக்கொண்டிருந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காணாமல் போன ஆசிட் பாட்டில் அன்றைக்குச் சாயங்காலமே கடையில், பீப்பாய்க்குப் பின்னால் கிடைத்தது. அது கடையை விட்டு வெளியே வரவே இல்லை. என் வீட்டுக்காரர் அதைச் சந்தோஷமாக வந்து சொன்னார். அதுவரை அடக்கிவைத்திருந்ததையெல்லாம் நான் அவர் தலையில் கொட்டினேன். கல்யாணமாகி அப்படி ஒரு சத்தம் நான் போட்டதில்லை, அதற்குப் பிறகும் போட்டதில்லை. பாவம், செடியைக் காப்பாற்ற ஓடிவந்த மனுஷன்.

பிள்ளை குடித்தது ஓதிய தண்ணீரா, செடிக்கு வைத்திருந்த தண்ணீரா என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. இடதா வலதா என்று அவரைக் கேட்டால், "நீ எந்தப் பக்கம் நின்ன?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மலைச்செடி அதற்குப் பிறகும் ஒரு வருடம் மஞ்சளும் பச்சையுமாக இருந்துவிட்டு ஒரு கோடையில் போய்ச் சேர்ந்தது.

நோன்பு விஷயம் தனியாக வந்து நின்றது. அவர் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டு வந்தார்.

"மறந்து குடிச்சியான்னு கேக்குறாரு. மறந்திருந்தா நோன்பு முறியவே இல்லையாம்."

"மறக்கல."

"வேணும்னே குடிச்சிருந்தா அறுபது நோன்பு வைக்கணுமாம். பிள்ளை உயிருக்குப் பயந்து குடிச்சிருந்தா ஒண்ணு வச்சாப் போதுமாம். எதுன்னு சொல்லட்டும்?"

நான் யோசித்தேன். வேண்டுமென்றேதான் குடித்தேன். பயந்துதான் குடித்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் என்ன செய்வது என்று ஹஜ்ரத்திடம் கேட்டுவரச் சொன்னேன். அவர் மறுபடி போய் வந்தார். ஒன்று போதும் என்று சொல்லிவிட்டாராம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது, சாதாரணமாகத்தான், கேட்டார்.

"ஏம்புள்ள, நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்பியிருக்கலாம்ல? நோன்பு முறிஞ்சிருக்காதுல்ல?"

தினமும் மத்தியானம் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது எப்படி? நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பித்தானே பார்க்கிறேன்? வருடா வருடம், முப்பது நாளும் செய்கிற வேலை. அன்றைக்கு மட்டும் அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? தோன்றவில்லையா, தோன்றியும் விழுங்கினேனா? அதுவும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை விழுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் மட்டும் துப்புவதா? அப்படி நினைத்தேனா என்றால், அந்த நேரத்தில் நான் எதையும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. இதெல்லாம் பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டது.

அந்த நோன்பு மாதம் முடிகிறவரை அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும் நிம்மதியாக இருக்கும், உடனே எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவேன். பெருநாள் வந்தது. வட்டிலப்பம் செய்து, யாரிடமாவது கொடுத்தனுப்பலாமா என்று நினைத்து, என் கையால் செய்த ஒன்றை அவள் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அனுப்பப் பயந்து, அனுப்பாமலேயே விட்டுவிட்டேன். என் கல்யாணத்துக்குப் பிறகு வந்த பெருநாள்களில் நான் அழுதது அந்த ஒரு பெருநாளில்தான்.

பெருநாள் கழிந்து நாலைந்து நாளில், விட்ட அந்த ஒரு நோன்பை வைத்தேன். ஊரே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் நோன்பு இருப்பது என்னவோ போல இருக்கும். மத்தியானம் பாயைப் போட்டுப் படுத்திருந்தேன். அவள் வந்து வாசலில் நின்றாள். இடுப்பில் பிள்ளை.

"இன்னைக்கு நோன்பாக்கா?"

"ஆமா. அன்னைக்கு விட்டது."

உள்ளே வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். நான்தான் ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வியை அவளிடம் சொன்னேன். துப்பியிருக்கலாம், துப்பத் தோன்றவில்லை, ஏன் என்று எனக்கே விளங்கவில்லை என்றேன்.

அவள் பிள்ளையின் கையிலிருந்து தன் சேலைத் தலைப்பை விடுவித்துக்கொண்டே சொன்னாள்.

"நீ மட்டும் அன்னைக்குத் துப்பியிருந்தேன்னு வையி, என் பிள்ளைய உன் வீட்டுப் பக்கமே விட்டுருக்க மாட்டேன்."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெளியே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ சத்தம் போட்டார்கள். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, குடத்தை எடுக்க ஓடினாள்.